செடியான மரம், மரமாகும் செடி: முருங்கை, கத்தரி ஓர் ஒப்பாய்வு

தமிழக உழவர்களிடம் முருங்கை நடப்போவதாகச் சொன்னால், மர முருங்கையா செடி முருங்கையா என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். தாவரவியலில் இரண்டும் ஒன்றே. மொரிங்கா ஒலிஃபெரா என்ற ஒரே இனம். இமயமலை அடிவாரத்தைத் தாயகமாகக் கொண்ட இந்த இனத்தின் அறிவியல் பெயரிலேயே 'முருங்கை' என்ற தென்னிந்தியச் சொல்தான் ஒலிக்கிறது. ஓரினத்தை மரமென்றும் செடியென்றும் இரண்டாகப் பிரித்துப் பேசும் இந்த வழக்கு ஒரு வேளாண் உண்மையைச் சுமந்து நிற்கிறது. மரம், காய்கறி என்பவை பெரும்பாலும் தாவரத்தின் பிறவிக் குணங்கள் அல்ல. மனிதர் அதற்கு அளிக்கும் ஆயுளின் பெயர்கள். நீரும் எருவும் காவலும் அந்த ஆயுளுக்கேற்ப மாறுகின்றன. முருங்கையையும் கத்தரியையும் அருகருகே வைத்து இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் எது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுக்கிறது. இதன்படி பனையும் தென்னையும் புல்லினம். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்க்கிறது என்பதை எண்ணினால், அந்தப் பழைய பார்வையின் கூர்மை வியக்க வைக்கிறது. ஆனால் முருங்கை இந்த அளவுகோலுக்குப் பிடிகொடுப்பதில்லை. பத்து மீட்டர் உயரம் வளர்ந்தாலும் அதன் கட்டை மென்மையானது. கிளை காற்றுக்கே முறியும். தச்சருக்கு அதனால் பயனில்லை. வகைப்பாட்டிலும் அதன் உறவுகள் காட்டில் இல்லை, சமையலறையில்தான் இருக்கின்றன. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், பப்பாளி ஆகியவை இடம்பெறும் பிராசிகேல்ஸ் வரிசையில்தான் முருங்கையும் இருக்கிறது. அதன் வேரைக் கீறினால் எழும் கார நெடி கடுகின் நெடிக்கு நெருங்கிய சொந்தம்.

கத்தரியின் கதை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. ஐந்து மாதத்தில் பிடுங்கி எறியப்படுவதால் அது ஓராண்டுப் பயிர் என்று எண்ணிவிடுகிறோம். வெப்பமண்டலத்தில் கத்தரி இயல்பாகவே பல்லாண்டுத் தாவரம். கொல்லையில் விட்டுவைத்த செடியின் அடித்தண்டு கட்டையாகித் தடிப்பதையும், கவாத்து செய்தால் மீண்டும் துளிர்த்துக் காய்ப்பதையும் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் எவரும் கண்டிருப்பர். அதன் நெருங்கிய உறவான சுண்டை ஆளுயரத்துக்கும் மேல் வளரும் புதர். ஆக, கத்தரிக்குள் ஒரு குறுமரம் ஒளிந்திருக்கிறது. சந்தையின் வேகமும் நோய்களும் அதை வெளிவர விடுவதில்லை.

முருங்கைக்குள் இருந்த காய்கறியை வெளியே கொண்டுவந்தது பெரியகுளம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, 1989இல் பி.கே.எம்.1 என்ற செடி முருங்கை ரகத்தை வெளியிட்டது. மர முருங்கை போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு வளர்வது. பி.கே.எம்.1 விதை ஊன்றி வளர்வது. விதைத்த ஆறு மாதத்தில் அறுவடைக்கு வருவது. காய் இரண்டு அடிக்கும் மேல் நீளும். செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனி கிள்ளிப் பக்கக் கிளைகளைத் தூண்டுகிறார்கள். ஒரு காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டி, மீண்டும் துளிர்த்துக் காய்க்க மறுதாம்பு விடுகிறார்கள். இப்படி நான்கைந்து ஆண்டுகள் காய் பறித்தபின் தோட்டத்தையே அழித்து மறுபடி விதைக்கிறார்கள். மரத்தின் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கியது சிறிய சாதனையன்று.

அடித்து வளர்க்காத பிள்ளையும் ஒடித்து வளர்க்காத முருங்கையும் உருப்படாது என்ற பழமொழி இந்த உத்திக்கு முன்னோடி. பிள்ளை வளர்ப்புக்கு அதை உவமையாக்கியது ஏற்கத்தக்கதன்று. ஆனால் அதன் வேளாண் பாதி மிகச் சரி. முருங்கை புதுத்துளிரில் பூப்பது. ஒடிக்காவிட்டால் கிளை உயர உயரப் போய், காய் கைக்கு எட்டாமல் தொங்கும்.

ஆயுள் மாறியதும் தேவைகள் எப்படி மாறுகின்றன என்பதற்கு வேரே முதல் சான்று. விதையிலிருந்து எழும் முருங்கை கிழங்கு போன்ற ஆணிவேரை ஆழ இறக்குகிறது. வறட்சியைத் தாங்கும் முதலீடு அதுதான். போத்திலிருந்து வளரும் மரத்துக்கு அந்த ஆணிவேர் அமைவதில்லை. அது பக்கவேர்களை நம்பி நிற்பதால் பெருங்காற்றுக்குச் சாய்கிறது. எனவே 'முருங்கை வறட்சி தாங்கும்' என்ற பொதுக்கூற்றை, நட்ட முறையைக் கேட்காமல் அப்படியே ஏற்க முடியாது. கத்தரியோ நாற்றங்காலில் முப்பது, முப்பத்தைந்து நாள் இருந்து, வேரோடு பிடுங்கப்பட்டு, வயலில் நடப்படுவது. வேர் அறுபடுவதை அது பொறுத்துக்கொண்டு, மேல்மண்ணில் கிளைத்துப் படர்கிறது. ஆழத்தை இழந்த அந்த வேருக்கு ஈரம் அடிக்கடி வேண்டும்.

நீரில் இந்த வேற்றுமை இன்னும் கூர்மையாகத் தெரியும். பூக்கும் காலத்தில் நீர் மிகுந்தால் முருங்கை பூவை உதிர்த்துவிடும். சற்றுக் காயவிட்டால்தான் பூவெடுக்கும். வேரடியில் நீர் தேங்கினால் அழுகும். கத்தரிக்கு அதே கட்டத்தில் நீர் குறைந்தால் பூவும் பிஞ்சும் கொட்டும். இரண்டையும் ஒரே பாத்தியில் ஊடுபயிராக வைத்து ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுபவர் ஏதேனும் ஒன்றுக்குத் தீங்கு செய்தே ஆக வேண்டும்.

இடைவெளிக் கணக்கும் கவனிக்கத்தக்கது. கத்தரியை 60க்கு 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு ஏறத்தாழ 27,700 செடிகள். செடி முருங்கையை இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 1,600. கத்தரிக்கு எக்டேருக்கு 25 டன் தொழுஉரம் என்று நிலத்துக்குக் கணக்கிடுகிறோம். முருங்கைக்கோ குழிக்குக் கணக்கிடுகிறோம். காய்கறிக்கு ஊட்டுவது வயலை. மரத்துக்கு ஊட்டுவது தனியொன்றை. செடி முருங்கை நடுவில் நிற்கிறது. குழிக்கணக்கில் உரம் பெற்றாலும், மறுதாம்பு தோறும் ஒரு முழு மேற்கட்டை இழந்து புதிதாக உருவாக்குவதால், காய்கறிக்குரிய பசியோடு அது இருக்கிறது. வேலியோர மர முருங்கை எருவின்றிக் காய்த்ததைப் பார்த்த கண்ணோடு செடி முருங்கையை நட்டு, கவனிக்காமல் விட்டு ஏமாறுவது இந்த வேறுபாட்டை அறியாததால் நேர்வது. பெயரில் முருங்கை இருந்தாலும் பராமரிப்பில் அது கத்தரியின் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது.

முருங்கையின் ஆயுளை இப்படிச் சுருக்குவது எதுவரை போகும்? நிகராகுவாவில் இலைக்காகவும் தீவனத்துக்காகவும் நடந்த சோதனைகளில், எக்டேருக்குப் பத்து லட்சம் முருங்கைச் செடிகள் என நெருக்கி விதைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை அறுத்தார்கள். சதுர அடிக்கு ஒன்பது செடிகளுக்கும் மேல்! அங்கே முருங்கை மரமுமன்று, காய்கறியுமன்று, கீரைப்பாத்தி.

பூச்சிகளும் இந்த ஆயுள் வேறுபாட்டை அறிந்தவைபோல் நடந்துகொள்கின்றன. முருங்கைக் கம்பளிப்பூச்சி இலையை மொட்டையடித்தாலும் மரம் அடுத்த துளிரில் மீளும். கூட்டமாகத் தண்டில் ஒட்டியிருக்கையில் தீப்பந்தம் காட்டி அழிக்கும் பழைய முறையும், தாங்கி நிற்கும் அடிமரம் இருப்பதால்தான் இயல்கிறது. கத்தரியின் தண்டு, காய்த்துளைப்பானோ குருத்துக்குள்ளும் காய்க்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஐந்து மாத ஆயுளில் ஒரு மாதக் காய்ப்பு போனால் ஈடுகட்டக் காலமில்லை. கத்தரித் தோட்டங்களில் மருந்துத் தெளிப்பு மிகுந்திருப்பதற்கு இந்தக் காலநெருக்கடி ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று இந்த ஆய்வில் தனி இடம் பெறுகிறது. சுண்டையின் வேர் பாக்டீரியா வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் பெரிதும் தாங்குகிறது. அந்த வேரின்மேல் கத்தரி நெடுநாள் காய்க்கிறது; கவாத்து, மறுதாம்பு என முருங்கைக்குரிய சொற்கள் கத்தரித் தோட்டத்துக்குள்ளும் வருகின்றன. பெரியகுளம் மரத்தைச் செடியாக்கியது போல, ஒட்டுக்கட்டும் கை செடியைச் சற்றே மரமாக்குகிறது. ஐந்து மாதக் கத்தரிக்கு எழுதிய உரப் பரிந்துரையை இந்த நெடுநாள் கத்தரிக்கு அப்படியே பொருத்துவது தவறு. இடைவெளியையும் திருத்தியாக வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விருந்தாளி உண்டு: கரிய உடலோடு ரீங்கரித்து வரும் தச்சுத்தேனீ. முருங்கைப் பூவின் மகரந்தச் சேர்க்கையில் அதற்குப் பெரும்பங்கு. கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியே மட்டும் திறப்பது. தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கக்கூடியது என்றாலும், தச்சுத்தேனீ பூவைப் பற்றிச் சிறகுத் தசைகளை அதிரவைக்கும்போது மகரந்தம் பொலபொலவென்று கொட்டி, காய்பிடிப்பு கூடுகிறது. அந்தத் தேனீ கூடு குடைவதோ காய்ந்த கட்டையிலும் பட்டுப்போன கிளையிலும். ஐந்து மாதத்தில் உழப்படும் கத்தரி வயலில் அதற்கு இடமில்லை. ஐந்தாண்டில் வேரோடு அகற்றப்படும் செடி முருங்கைத் தோட்டத்திலும் அரிது. வரப்போரத்தில் வெட்டாமல் விட்ட பழைய மரத்தின் பட்ட கிளையில் துளையிட்டு, அங்கிருந்துதான் அது கத்தரிப் பூவுக்குப் பறந்து வருகிறது.