டீ நிறத் தண்ணீர்

படப்பையில் மண்ணரிப்புப் பாடம் நடத்த எனக்கு மூன்று தண்ணீர் பாட்டில்கள் போதும். படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டி, ஒன்றில் வெறும் மண், ஒன்றில் சருகு மூடிய மண், மூன்றாவதில் வேரோடு புல். பூவாளியால் ஊற்றினால் வெறும் மண்ணிலிருந்து டீ நிறத்தில் வடியும். புல்லிலிருந்து ஏறக்குறையத் தெளிவாக வரும். அந்த டீதான் பக்கத்து மணிமங்கலம் ஏரி போன்றவற்றை மேடாக்குவது.

ஏரியைப் பேண, சோழன் முதலாம் பராந்தகன் காலத்திலேயே உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு வண்டியடிப்பது, ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தின் ஒரு பகுதி; ஏரிக்கு ஆழம், வயலுக்கு உரம். 1858இல் வெள்ளைக்காரன் அந்த வழக்கத்தையே சட்டம் போட்டுக் கட்டாய உழைப்பாக்கினான். வரி அவனுக்கு, மண்வெட்டி ஊருக்கு! 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. தூர் வாருங்கள், சரி. வரத்துக்கால்வாய் ஓரத்துப் புல்லைச் செதுக்காதீர்கள்.