அலுமாரியும் அதன் பகைவர்களும்

இலங்கைத் தமிழரின் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் அலுமாரி என்னுஞ் சொல் தமிழ்ச் சொல் அன்று. 1505ஆம் ஆண்டில் இத்தீவிற் காலடி வைத்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. அச்சொல்லின் மூலத்தைத் தேடிச் சென்றால், இலத்தீன் மொழியின் அர்மாரியம் என்னுஞ் சொல்லை அடையலாம். அர்மா என்பது கருவிகளையும் படைக்கலங்களையும் குறிப்பது. எனவே, பட்டாடைகளைத் தாங்குவதற்கு முன்னர், அலுமாரி கருவிகளைத் தாங்கியது. தமிழில் ஆயுதம் என்னுஞ் சொல்லும் இவ்விரு பொருளையும் தருவது ஈண்டு நினைக்கத்தக்கது.

மோட்டார் வண்டிக் கொட்டிலிலே சுத்தியலும் வாளும் எண்ணெய்த் தகரமும் வர்ணப் பேணியும் வைப்பதற்கு அலுமாரி செய்விக்கும் ஒருவர், தாம் அறியாமலே அப்பழைய பொருளுக்குத் திரும்புகின்றார். அதனை எப்பொருளாற் செய்விப்பது என்பது அவர் முன் நிற்கும் வினா. அவ்வினாவுக்கு விடை காண முயன்றவர்களின் வரலாறு நீண்டது.

கொட்டில், வீட்டின் உள்ளறை போன்றதன்று. மழைக்காலத்தில் ஈரம் நிலத்தின் வழியே ஏறும். கறையான் மண்ணிலிருந்து புற்றுக்கட்டி வரும். இரும்புக் கருவிகளின் பாரம் தட்டுகளை வளைக்கும். பெற்றோலும் வர்ண நெய்யும் தீயை அழைக்கும். ஈரம், கறையான், பாரம், தீ என்னும் இந்நான்கு பகைவர்களில் எவரை வெல்ல வேண்டுமென்று அறிந்த பின்னரே பொருளைத் தெரிதல் வேண்டும்.

பழைய தச்சர் கறையானையே முதற் பகைவனாகக் கொண்டனர். வன்னிக் காடுகளின் முதிரையும், நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும் கருங்காலியும் கறையானுக்கு எளிதில் இரையாவதில்லை. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், இந்நாட்டு மரங்களின் அருமையை விரைவில் உணர்ந்தனர். அவர் காலத்துப் பெட்டகங்கள் பித்தளைத் தகடு பொருத்தப்பெற்று, உருண்டைக் கால்களின் மேல் நிலத்தை விட்டு உயர்ந்து நின்றன. அக்கால்கள் அழகுக்கு மட்டும் அமைந்தவை அல்ல. ஈரத்துக்கும் பெட்டகத்துக்கும் இடையே காற்று உலவ அவை வழிவிட்டன.

ஆயினும் அழகின்மேற் கொண்ட ஆசை ஒரு பெருங்கேட்டை விளைத்தது. சிங்களத்திற் களுமெதிரிய என்றும் ஆங்கிலத்திற் கலமந்தர் என்றும் வழங்கும் மரம், கருமையும் பழுப்பும் கலந்த வரிகளை உடையது. தளபாடம் செய்வோர் அதனை விரும்பி வெட்டினர். மீள வளர்ப்பாரைக் காணோம். எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலேயே இம்மரம் அரிதாகிவிட்டமை கூறப்பட்டது. மிக மெதுவாக வளரும் மரத்தை மிக விரைவாக வெட்டினால் நேர்வது இதுவே. ஒரு மாளிகையின் அலங்காரத்துக்கு ஒரு காடு விலை கொடுத்தது.

பெருமரங்கள் அருகியபோது, சிறு மரத்தையும் பயன்படுத்தும் வழிகளை மனிதர் நாடினர். மரம் ஈரத்தால் தன் குறுக்கே விரியும். நெடுகே பெரும்பாலும் விரியாது. ஆதலால், மெல்லிய தாள்களாகச் சீவி, ஒன்றன் வரி மற்றொன்றன் வரிக்குக் குறுக்கே அமையுமாறு ஒட்டினால், ஒவ்வொரு தாளும் அடுத்ததைக் கட்டுப்படுத்தும். இதுவே ஒட்டுப்பலகையின் தத்துவம். ஐக்கிய அமெரிக்காவின் போட்லாந்து நகரில் 1905இல் நிகழ்ந்த கண்காட்சியில் இத்தகைய பலகை மக்கள் முன் வைக்கப்பட்டது. எனினும் அக்காலப் பசை நீரிற் கரைந்தது. 1934இல் நீர்புகாப் பசை வந்த பின்னரே ஒட்டுப்பலகை ஈரத்தை எதிர்த்து நின்றது. இலங்கைத் தேயிலை கடல் கடந்து சென்றதும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே.

இதற்கும் மலிவான பொருளை ஜெர்மனி கண்டது. மரவாலையிற் கழியும் துண்டுகளையும் தூளையும் பசையோடு சேர்த்து அழுத்தும் முறைக்கு மாக்ஸ் ஹிமெல்ஹேபர் 1932இல் உரிமை பெற்றார். 1941இல் பிறேமன் நகரில் இத்துகட்பலகையைச் செய்யும் ஆலை இயங்கத் தொடங்கிற்று. வீணாகிய மரத்துக்குப் பயன் கிடைத்தது உண்மை. ஆனால் சாதாரணத் துகட்பலகை நீரைக் குடித்து ஊதிவிடின் மீண்டும் பழைய நிலையை அடையாது. திருகாணியும் அதிற் பிடி தளரும். மேலும், அதன் பசையிலிருந்து போர்மல்டிகைட் என்னும் ஆவி வெளிப்படும். இது புற்றுநோயை விளைக்க வல்லது என 2004இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது.

உருக்கோ தீயில் எரியாது, கறையானுக்கும் அஞ்சாது. எண்ணெயையும் வர்ணத்தையும் வைப்பதற்கு அதுவே தக்கது. ஆனால் கடற்காற்று அதன் பகைவன். 1837இல் பிரான்சில் சோறெல் என்பார் இரும்பின்மேல் நாகம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். அப்பூச்சிலே கீறல் விழுந்தாலும், நாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும்.

பாரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒரே பாரத்தின் கீழ், தட்டின் நீளத்தை இரு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகும். தடிப்பை இரு மடங்காக்கினால் எட்டில் ஒன்றாகக் குறையும். ஆகவே, விலையுயர்ந்த மரத்தைத் தேடுவதினும், தட்டின் நடுவே ஒரு தாங்கு வைப்பது அறிவுடைமை.

வரலாறு உணர்த்துவது இதுதான். எல்லாப் பகைவரையும் வெல்லும் ஒரு பொருள் என்றும் இருந்ததில்லை. நிலத்தை விட்டு உயர்ந்த கால்கள், நீர்புகாப் பசையால் ஒட்டிய பலகை, தீப்பற்றும் பொருளுக்கு நாகம் பூசிய உருக்குப் பெட்டி, குறுகிய தட்டுகள் ஆகியவை சேர்ந்தால், எளிய கொட்டில் அலுமாரியும் பேரப்பிள்ளைகளின் கைக்குச் செல்லும். ஓர் அலுமாரி நீடித்து உழைக்குந்தோறும், காட்டில் ஒரு மரம் வெட்டுண்ணாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.