தோலும் கலைப்பள்ளியும்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். அங்கே 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். கிணற்றில் நீர் இறைக்கும் கமலைச் சாலுக்கும் அந்தத் தோல் உதவியது.

ஆக, தோல் கலைப்பள்ளி வாசலைத் தாண்டிவிட்டது. அதோடு தலைமுறை தலைமுறையாக் கிடந்தவன்? எங்க மார்க்கையன்கோட்டைப் பக்கம் கமலைக்குத் தோல் தைத்ததும் பறைக்குத் தோல் கட்டியதும் சேரிக் கைகள்தான். அதைக் கலைன்னு எவன் எழுதினான்? துரை தொட்டால் சோதனை. நாங்க தொட்டால் தீட்டு.

ஐம்பது வயதுத் தோல் தொழிலாளிக்கும் அந்தக் கல்லூரிப் பட்டறையில் இடம் வேண்டும். கற்றுக்கொள்ள மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கவும்.