வலைச்செயலி: ஆக்கமும் நிறுவலும்

உலாவியின் வாயிலாகப் பயனாளர் முன் தோன்றி, தன் காரியங்களில் பெரும்பகுதியைத் தொலைவிலுள்ள சர்வர் ஒன்றில் நடத்திக்கொள்ளும் மென்பொருளுக்கு வலைச்செயலி என்று பெயர். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கி 1991-இல் உலகறியச் செய்த வலைப்பக்கங்கள், எழுதி வைத்ததை எழுதி வைத்தபடியே காட்டும் ஏடுகளை ஒத்திருந்தன; 1993-இல் ஸி.ஜி.ஐ. என்னும் ஏற்பாடும், 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. மொழியும் வந்த பின்னரே, கேட்பவருக்குத் தக்கவாறு பக்கத்தை அவ்வப்போது ஆக்கித் தரும் முறை பரவலாயிற்று. எழுதி முடித்த செயலியைச் சர்வரில் ஏற்றிப் பொதுமக்களின் உபயோகத்துக்குத் திறந்துவிடுவதே நிறுவல். தொழிலில் உள்ளோர் இதை ‘டிப்ளாய்’ செய்வது என்பர்.

இத்துறையின் அனுபவங்களைத் திரட்டிய முயற்சிகளுள், ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் 2011-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட பன்னிரண்டு விதிகள் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கவை. அவற்றுள் ஒன்று, தரவுத்தளத்தின் கடவுச்சொல் முதலிய அமைப்பு விவரங்களை நிரலோடு கலந்து எழுதாமல், சர்வரின் சூழல் மாறிகளில் தனியே வைக்க வேண்டும் என்பது. நிரல் முழுவதையும் இந்த நிமிஷமே ஊரறிய வெளியிட்டாலும் இரகசியம் ஏதும் கசியாது என்று ஆக்கியோன் துணிந்து சொல்ல முடியுமா என்பதே இதற்கு அவர் கூறும் பரீட்சை. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் படைத்த கிட் என்னும் கருவியில் ஒருமுறை பதிவான கடவுச்சொல்லை மறுநாள் அழித்துவிட்டாலும், பழைய பதிவுகளில் அது அப்படியே கிடக்குமாதலால், அழிப்பதோடு நில்லாமல் கடவுச்சொல்லையே மாற்றிவிடுவது அவசியம்.

மாற்றங்களை மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைத்து ஒரே நாளில் இறக்குவதைவிட, சிறிது சிறிதாக அடிக்கடி வெளியிடுவதே பிழையைக் கண்டுபிடிக்க எளிய மார்க்கம். புகைப்படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரில் நாளொன்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட நிறுவல்கள் நிகழ்வதாக அங்குப் பணிபுரிந்த ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் 2009-இல் எடுத்துரைத்தபோது பலர் வியந்தனர். நிரலைப் பொறுத்தவரை, முந்தைய பதிப்பை அருகிலேயே வைத்திருந்தால் நொடியில் பின்வாங்கிவிடலாம். தரவுத்தளத்துக்கோ அந்தச் சலுகை இல்லை. ஆகையால் தரவு அட்டவணையில் ஒரு பத்தியின் பெயரை மாற்ற விரும்புவோர், புதிய பத்தியை முதலில் சேர்த்து, இரண்டிலும் சிறிது காலம் எழுதி, பழைய விவரங்களையும் புதியதற்குப் பெயர்த்து, எல்லா நிரலும் புதியதையே படிப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே பழையதை நீக்குவர்.

காப்புநகல் விஷயத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் நேர்ந்த சம்பவத்தைவிடத் தக்க பாடம் கிடைப்பது அரிது. துணைத் தரவுத்தளத்தைச் சீர்செய்ய முனைந்த பொறியாளர் ஒருவர், துணையென்று எண்ணி முதன்மைச் சர்வரின் கோப்பகத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டார்; ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது சுமார் 4.5. நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால், அன்றாட நகல் எடுக்கப்படாமலே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறுமிடத்தில் நிராகரிக்கப்பட்டதால் எவர் கண்ணிலும் படவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்த நகல் ஒன்றே கைகொடுத்தது. மீட்புப் பணியை அந்நிறுவனம் மறைக்காமல் நேரடியாக ஒளிபரப்பியது பாராட்டுக்குரியது. காப்புநகல் உண்டா என்று வினவுவதில் பயனில்லை. அதைக் கொண்டு கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்றே வினவ வேண்டும்.

உலாவிக்கும் சர்வருக்கும் இடையிலான போக்குவரத்தைக் காக்க உதவும் மறையாக்கச் சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாக வழங்கி வருகிறது. 90 நாள் ஆயுளோடு தொடங்கிய அச்சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையை மனித ஞாபகத்தை நம்பி விடாமல் இயந்திரத்திடமே ஒப்படைத்துவிடலாம்.

தமிழில் இயங்கும் செயலிக்குத் தனிக் கவனம் ஒன்று வேண்டும். எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு கொள்ளும். அகரமேறிய உயிர்மெய் ஒரு குறியே; மற்ற உயிர்மெய்யில் உயிரின் குறியும், மெய்யெழுத்தில் புள்ளியும் தனியே எண்ணப்படும். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற ஒருவரின் பெயர் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து, கணினிக்குப் பதினாறு குறி, சேமிப்பில் 48 பைட்டு. பைட்டுக் கணக்கில் 30 மட்டும் ஒதுக்கி, மிகுவதை வெட்டிவிடும் படிவத்தில் அவர் ‘மீனாட்சிசு’ என்றே பதிவாவார்.