தீர்ப்பு மேற்கோள் (இந்தியா)

சட்ட ஆய்வுக் கட்டுரையில் தீர்ப்புகளைச் சான்று காட்டும் முறை. கேசவானந்த பாரதி எதிர் கேரள மாநிலம், (1973) 4 எஸ்சிசி 225 என்ற அடிக்குறிப்பில் ஆண்டு, தொகுதி, 'சுப்ரீம் கோர்ட் கேசஸ்' என்னும் தீர்ப்புத் திரட்டின் சுருக்கம், தொடக்கப் பக்கம் ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. அதே தீர்ப்புக்கு 'ஏஐஆர்' என்னும் இன்னொரு திரட்டில் வேறு எண். ஒரே தீர்ப்புக்குப் பல எண்கள் இருக்கும் இந்தக் குழப்பத்தைக் குறைக்க, எந்தப் பதிப்பகத்தையும் சாராத 'ஐஎன்எஸ்சி' பொது எண்ணை உச்ச நீதிமன்றம் 2023இல் கொண்டுவந்தது.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. யார் எழுதிய பத்தி என்பதும் வேண்டும். ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில் (1976) நீதிபதி எச்.ஆர்.கன்னா எழுதியது மாறுபட்ட தீர்ப்பு. அப்படிக் குறிக்காமல் அதை எடுத்தாண்டால், மற்ற நால்வரின் பெரும்பான்மை முடிவு தலைகீழாகிவிடும். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு 2017இல் புட்டசாமி வழக்கில் தள்ளப்பட்டதையும் அடிக்குறிப்பிலேயே சேர்க்க வேண்டும்.