வெருட்டு

‘அணு ஆயுதத் தடுப்பு’ என்று ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, “குண்டு செய்றதைத் தடுக்கப் போறாங்களாம், நல்லதுதானே?” என்றார் டீக்கடையில் பக்கத்தில் இருந்த பெரியவர். செய்தியோ நேர்மாறானது: குண்டை வைத்துக்கொண்டே எதிரியை மிரட்டி நிறுத்துவதைப் பற்றியது. அவர் மேல் தவறில்லை, ஆங்கில ‘டெட்டரன்ஸ்’ என்பதைத் ‘தடுப்பு’ ஆக்கியதில்தான் கோளாறு. அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘அஞ்சி விலகச் செய்தல்’ என்று பொருள். ‘டெரர்’ பிறந்ததும் அதே வேரில்தான். ஜெர்மானியர் அச்சத்தை மறைக்காமல் ‘அப்ஷ்ரெக்குங்’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் ‘டிசுவாசியோன்’ ஏதோ நயமாகப் பேசி மனத்தை மாற்றுவதுபோல ஒலிக்கும். நம் ‘தடுப்பு’ அதைவிடச் சாது. தடுப்பூசி, தடுப்புச்சுவர் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2003இல் இந்தியா அறிவித்த அணு ஆயுதக் கொள்கையின் ‘நம்பத்தக்க, குறைந்த அளவு’ என்ற அடைமொழிகளும் தடுப்போடு ஒட்டவில்லை. எதிரி நம்ப வேண்டியது அச்சத்தை அல்லவா? அச்சத்தைச் சொல்ல நம்மிடமே சொல் இருக்கிறது: ‘வெரு’ என்றால் அச்சம். குடிகளை நடுங்கவைக்கும் ஆட்சி கூடாது என்கிற குறள் அதிகாரத்துக்கு (57) ‘வெருவந்த செய்யாமை’ என்றே பெயர். யாழ்ப்பாணத்தில் “சும்மா வெருட்டாதை” என்பது இன்றும் வீட்டுப் பேச்சு. வயலில் பழஞ்சட்டையும் சட்டித் தலையுமாக நிற்பது வெருளி. காக்கை நம்பும்வரை அதற்கு வேலை உண்டு. ‘அணு வெருட்டு’ என்று எழுதினால் கொச்சை என்பார்கள். எழுதிப் பார்க்கலாம்; அந்தப் பெரியவருக்காவது புரியும்.