வெள்ளியும் காசும்

சம்பள நாளன்று மேருவில் நம் தாய்மார்கள், "எத்தனை வெள்ளி கிடைத்தது?" என்றுதான் கேட்பார்கள். 1975ஆம் ஆண்டிலிருந்து நம் பணத்தின் சட்டப் பெயர்கள் ரிங்கிட், சென் என்பனவே. ஆயினும் நம் வாயில் வருவன வெள்ளியும் காசும்தான்.

முன்னாளில் இங்கே புழங்கிய டாலர்கள் மெய்யாகவே வெள்ளியால் ஆனவை. மெக்சிகோ நாட்டு வெள்ளி டாலரும் புழங்கியது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி டாலர் வந்தது. உலோகத்தின் பெயரையே நாம் பணத்திற்கும் வைத்துவிட்டோம். மலாய்க்காரர்களோ விளிம்பைப் பார்த்தார்கள். ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரம் பல் பல்லாக இருக்கும். 'ரிங்கிட்' என்பதன் பொருளும் அதுவே. பிறகு தாள் பணம் வந்தது. பெயர்கள் மட்டும் போகவில்லை.

நம் 'காசு' கடல் கடந்தும் போயிருக்கிறது. ஆசியாவின் சிறு செப்புக் காசுகளை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றது, போர்த்துக்கீசியர் வழியாக அவர்கள் பெற்ற நம் சொல்தான். கடையில் கேட்கும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

துரைமார்களின் ஊரிலும் பணத்திற்குச் செல்லப் பெயர்கள் உண்டு. பவுனுக்குக் 'குவிட்', ஷில்லிங்குக்குப் 'பாப்', ஆறு பென்ஸ் நாணயத்துக்கு 'டேனர்' என்பார்கள். பன்னிரண்டு பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங். இந்தப் பழைய கணக்கை 1971இல் அவர்களே கைவிட்டார்கள்.

1906இலிருந்து நம் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பு வைத்திருந்தார்கள். 1938இன் தொடக்கத்தில் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. லண்டன் தெருப் பேச்சில் சொன்னால், ஆணின் ஒருநாள் உழைப்பு ஒரு பாபும் இரண்டு பென்ஸும்! அதிலும் அவ்வாண்டு ஐந்து காசு குறைத்தார்கள். ஒன்றரைப் பென்ஸ்கூடத் தேறாத தொகை. ஆனால் பத்து நாள் வேலை செய்தால் ஒருநாள் கூலி போய்விடும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது.

கூலிக் கணக்கு அதோடு தீரவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்றார்கள். மே மாதத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நம்மவர் சிலர் உயிரிழந்தனர்.